முதுகு தெரிகிற இடங்கள்

முழங்காலுக்கு ஒரு சாண் மேலே முடிந்துவிடுகிற கால்சட்டையோடு ஒருத்தி முப்பது வருஷம் காட்டில் இருந்தால் கொசு அவளை என்ன பாடு படுத்தியிருக்கும் என்பதுதான் பிரமிளாவுக்கு முதல் நாளிலிருந்து சந்தேகம். இன்று மூன்றாம் நாள். மத்தியானம் சாப்பிட்ட தயிர்சாதம் வயிற்றில் இன்னும் சரியாக இறங்கக்கூட இல்லை. சாலிகிராமத்தில் இரண்டாவது மாடியில் ஜன்னலே இல்லாத இந்த டப்பிங் அறையின் குளிரில் மைக்குக்கு முன்னால் நின்று திரையைப் பார்த்தால், வெரா மறுபடியும் ஓடுகிறாள். அதே கால்சட்டை, அதே வழவழக் கால், ஒரு கீறல் கிடையாது, ஒரு தடிப்பு கிடையாது. பக்கத்தில் ஓடுகிற மேக்ஸுக்குக் கணுக்கால் வரைக்கும் பேண்ட், அதில் ஆறு பாக்கெட். மேலே தோல் ஜாக்கெட், அதில் நாலு. வந்து ஒரு நாள்கூட ஆகாதவனுக்குப் பத்து பாக்கெட், முப்பது வருஷமாகக் குடியிருக்கிறவளுக்கு ஒன்றுகூட இல்லை. அப்புறம் அந்த வரைபடத்தை எங்கேயிருந்து எடுத்தாள்? நேற்று ஐந்தாவது வாசலில் எடுத்தாளே, ஒரு பாய் அளவுக்கு விரித்தாளே, அதுவரை எங்கே வைத்திருந்தாள்? வேண்டாம், அதை யோசிக்கக் கூடாது, யோசித்தால் டேக் போய்விடும். "அக்கா, ரெடியா? நாப்பத்தாறு. வெரா. மூச்சுதான்," என்று ஹெட்போனுக்குள் ரியாஸ் சொன்னான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், படத்தைத் துண்டு துண்டாக எண் சொல்லி ஓட்டி ஒலிப்பதிவு செய்கிறவன் அவன். மூச்சுதான். வெராவுக்கு எப்போதும் மூச்சுதான். பிரமிளா தோளைத் தளர்த்திக்கொண்டு, நின்ற இடத்திலேயே நூறு மீட்டர் ஓடினவளாக மூச்சு வாங்கினாள்.

"இன்னொன்னு போகலாம்," என்றார் ரியாஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சம்பந்தம் சார். இந்த இங்கிலீஷ் படத்துக்குத் தமிழ் வசனம் எழுதியவர் அவர்தான், எழுதியதைப் பேசவைக்கிறவரும் அவரே. "இது மாமி மூச்சு. வெரா மூச்சு குடும்மா." மாமி மூச்சாம். அதுதான் நிஜமான மூச்சு என்று இவருக்கு யார் சொல்வது. நாற்பத்துமூன்று வயதில் லிஃப்ட் இல்லாத இரண்டு மாடி ஏறினால் வருகிறதே, விசிலும் கரகரப்புமாக, நடுவில் ஒரு முருகாவோடு, ஓடுகிறவளுக்கு அதுதான் வரும். ஆனால் சினிமாவில் ஓடுகிற பெண்களுக்கு மூச்சு வாங்கக் கூடாது. மெல்லிசாக, நன்றாகத் தூங்கி எழுந்தவள்போல மூச்சு விடவேண்டும். இருபத்திரண்டு வருஷத்தில் பிரமிளா எரிமலைக்கு முன்னால் ஓடியிருக்கிறாள், டைனோசருக்கு முன்னால் ஓடியிருக்கிறாள், வெள்ளத்துக்கும் விண்கல்லுக்கும் ஓடியிருக்கிறாள், எல்லாவற்றுக்கும் இதே மூச்சுதான். முதன்முதலில் குரல் பார்க்கக் கூப்பிட்டபோது, குரல் கட்டையாக இருக்கிறது, கொஞ்சம் மேலே ஏற்றுங்கள் என்றார்கள். ஏற்றினாள். இன்னும் கொஞ்சம் என்றார்கள். ஏற்றினாள். தொண்டைக்கும் மூக்குக்கும் நடுவில் எங்கேயோ, சர்க்கரைப் பாகு கம்பிப் பதத்துக்கு வருகிற மாதிரி ஒரு இடம் தட்டுப்பட்டது, அங்கேயே நில்லுங்கள் என்றார்கள். அங்கேயே நிற்கிறாள், இருபத்திரண்டு வருஷமாக. சொந்தக் குரல் வீட்டோடு இருக்கிறது. மகள் தன்யாவை எழுப்புவதற்கு, சிலிண்டர் ஏன் வரவில்லை என்று கேட்பதற்கு, மாடி வீட்டுக்காரர் தண்ணீர் மோட்டாரை நிறுத்த மறந்தால் ஒரு சத்தம் போடுவதற்கு. அந்தக் குரலுக்கு மைக் எப்படி இருக்கும் என்றே தெரியாது. பாவம். பிரமிளா முருகாவைக் கழித்துவிட்டு இன்னொரு தடவை மூச்சு விட்டாள். ஓகே என்றார் சம்பந்தம்.

படம் நன்றாக இருக்கிறது, அதுதான் கொடுமை. மோசமான படமாக இருந்தால் பேசிவிட்டு, திட்டிவிட்டு, பஸ் ஏறிவிடலாம். இது அப்படி இல்லை, சனியன், சிரிப்பு வருகிறது, பயமும் வருகிறது, அடுத்த ரீலில் என்ன ஆகும் என்று வீட்டில் வெங்காயம் அரியும்போது நினைப்பு வருகிறது. மேக்ஸ் என்று ஒரு இருபத்தெட்டு வயதுக்காரன், அம்மா வீட்டு சோபாவை விட்டு எழுந்திருக்காதவன், பரணில் முப்பது வருஷமாகக் கிடந்த ஒரு பழைய வீடியோ கேம் பெட்டியைத் தூசி தட்டி மாட்டுகிறான். பெட்டி அவனை உள்ளே இழுத்துக்கொள்கிறது. உள்ளே காடு, காட்டுக்குள் ஏழு வாசல், ஏழும் திறந்தால்தான் வீட்டுக்குத் திரும்பலாம். அவனுக்கு மூன்று உயிர், மணிக்கட்டில் மூன்று சிவப்பு இதயம் மினுக்மினுக்கென்று எரிகிறது. முதலை விழுங்கி ஒன்று போயிற்று, தன் கால் தானே தடுக்கி இன்னொன்று போயிற்று. வெரா அந்த விளையாட்டுக்குள்ளேயே இருக்கிறவள். எந்தக் கல்லை மிதித்தால் அம்பு வரும், எந்தப் பழத்தைத் தின்றால் மயக்கம் வரும், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. அவளுக்கு உயிர் ஒன்றுதான். ஆறு வாசலை அவள் திறந்தாள், ஆறு தடவையும் இவன் பக்கத்தில் நின்று கிண்டலடித்தான். கிண்டலும் நன்றாகத்தான் இருக்கிறது, பொய் சொல்லக் கூடாது. பேசுகிற குரங்கு ஒன்று கூடவே வருகிறது. அது மேக்ஸின் மணிக்கட்டிலிருந்து ஒரு இதயத்தைக் கழற்றிக் கடித்துப் பார்த்துவிட்டு, புளிக்கிறது என்று திருப்பிக் கொடுக்கிற இடத்தில் பிரமிளா சிரித்துத் தொலைத்து, நேற்று நாலு டேக் வீணாயிற்று. ஐந்தாவது டேக்கில் வெராவுக்கு இருந்த வசனம், "ஐயோ மேக்ஸ்."

இன்னொரு பெண் இருந்தாள். வில் வைத்திருந்தாள், நன்றாகக் குறி பார்த்தாள், இருபத்துமூன்றாவது நிமிஷத்தில் செத்துப்போனாள். மேக்ஸுக்குக் கோபம் வரவேண்டும் அல்லவா, அதற்காக. அவளுக்கும் பிரமிளாதான் பேசினாள், அதாவது செத்தாள். மேக்ஸின் அம்மா, கதவுக்கு அந்தப் பக்கமிருந்து படத்தின் ஆரம்பத்தில் ஒரு தடவை, முடிவில் ஒரு தடவை, "சாப்பிட வாப்பா" என்கிறவள், அவளும் பிரமிளாதான். அப்புறம் விளையாட்டுப் பெட்டியின் குரல், முகமும் கிடையாது உடம்பும் கிடையாது, வாசல் திறக்கும்போதெல்லாம் எங்கிருந்தோ அறிவிக்கிறது: இரண்டாம் நிலை, வாழ்த்துகள் வீரரே. அதுவும் அவள்தான். நாலு பேருக்கும் ஒரே ஆள் எப்படிப் பேசமுடியும் என்று முதல் நாள் தாளைப் பார்த்ததும் கேட்டாள். சம்பந்தம் சார் யோசிக்கவே இல்லை. "ஏன் முடியாது? நாலு பேரும் ஒருத்தியோட ஒருத்தி பேசுற சீனே இல்லையேம்மா." வாஸ்தவம்தான். இரண்டே முக்கால் நிமிஷம் வெராவும் வில்காரியும் ஒரே படகில் போகிறார்கள், இரண்டு பேரும் மேக்ஸிடமே பேசுகிறார்கள். முப்பது வருஷமாக ஒரே காட்டில் இருந்தவர்களுக்குள் ஒரு வாய்வார்த்தை கிடையாது. படகில் அப்படி உட்கார்ந்திருக்க இரண்டு பெண்களால் முடியுமா? பிரமிளாவின் ஓரகத்தி மூன்று வருஷமாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை, அவள்கூடப் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தால், இந்தப் பக்கம் வெயில் அடிக்குது என்றாவது சொல்வாள். வெராவுக்கு ஓரகத்திகூட வாய்க்கவில்லை. மூச்சுவிட ஒரு வாய், "ஐயோ மேக்ஸ்" சொல்ல ஒரு வாய், இரண்டும் ஒரே வாய்.

"நாப்பத்தேழு பேக் ஷாட், மூச்சு. நாப்பத்தெட்டும் பேக் ஷாட், மூச்சு," என்று ரியாஸ் வாசித்துக்கொண்டு போனான். பேக் ஷாட் என்றால் ஆள் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பது, வாய் தெரியாது. இந்தத் தொழிலில் வாய்தான் எஜமான். திரையில் உதடு ஒட்டினால் இங்கேயும் ஒட்டவேண்டும், திறந்தால் திறக்கவேண்டும். சம்பந்தம் சார் ஒவ்வொரு வசனத்தையும் எழுதிவிட்டுத் தன் உதட்டைக் கைக்கண்ணாடியில் பார்த்துச் சொல்லிப் பார்ப்பார். சரியாக விழுந்தால், வாய் உட்காந்துடுச்சு என்பார், அதற்கு மேல் ஒரு பாராட்டு அவர் அகராதியில் இல்லை. ஆனால் ஆள் திரும்பிவிட்டால் எஜமான் தூங்கிவிட்டான் என்று அர்த்தம். வாய் தெரியாத இடத்தில் என்ன வேண்டுமானாலும் பேசலாம், மூலத்தில் இருந்தாலும் இல்லாவிட்டாலும். அங்கேதான் சம்பந்தம் சார் விளையாடுவார். மேக்ஸ் திரும்பி நின்றால் ஒரு பஞ்ச் டயலாக். குரங்கு திரும்பினால் ஒரு கிண்டல். நம்ம ஊர் மின்வெட்டு, சென்னை டிராஃபிக், மாமியார் எல்லாம் அந்தக் குரங்கின் முதுகிலிருந்துதான் வருகிறது. தியேட்டரில் கைதட்டல் அங்கேதான் விழும் என்பார், விழத்தான் செய்கிறது. இதை இருபத்திரண்டு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் பிரமிளா. ஆனால் நேற்று மாலை பஸ்ஸில் வரும்போதுதான், ஜன்னல் கம்பியில் தலையை முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தபோது, ஒன்று உறைத்தது. இந்தப் படத்தில் அதிகம் முதுகைக் காட்டுவது மேக்ஸும் இல்லை, குரங்கும் இல்லை, வெரா. ஏணி ஏறினாலும் காமிரா பின்னால், பாறையில் குனிந்தாலும் பின்னால், நடந்தாலும் பின்னால். அந்தக் காமிராக்காரனுக்கு அவள் மூஞ்சி அவ்வளவு பிடித்ததாகத் தெரியவில்லை. அவன் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்பது ஊருக்கே தெரியும். ஆனால் அவன் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிற நேரமெல்லாம் அவள் வாய் யாருக்கும் தெரியவில்லையே. அவ்வளவு இடம் காலியாகக் கிடக்கிறது. குரங்குக்குக் கிடைத்ததைவிட அதிகம். பக்கத்தில் இருந்த அம்மாள் என்ன சிரிக்கிறாய் என்கிற மாதிரி பார்த்தாள்.

பார்க்கட்டும். சிரிப்பு வீட்டுப் படி ஏறும்வரைக்கும்தான் இருந்தது. உள்ளே தன்யா தரையில் சுவரில் சாய்ந்துகொண்டு, போனை இரண்டு கையாலும் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தாள். பதினாறு வயது, வகுப்புப் பையன்கள் மூன்று பேர் ஒரே அணி, அதில் இவள் நாலாவது. பையன்களின் குரல் போனிலிருந்து வருகிறது, கத்துகிறார்கள், இடதுபக்கம் போடா, மாடியில இருக்கான்டா. தன்யாவிடமிருந்து ஒரு சத்தம் கிடையாது. விரல் மட்டும் ஓடுகிறது. பிரமிளாவுக்கு அந்த விளையாட்டில் ஒன்றும் புரியாது, ஆனாலும் நின்று பார்த்தாள், மகள் கடைசி ஆளையும் வீழ்த்திவிட்டு, கதவு ஒன்றைத் திறந்து எல்லோரையும் வெளியே கொண்டுவந்ததைப் பார்த்தாள். செம்மடா ரோஹித், நீதான்டா முடிச்ச என்றது ஒரு குரல். ஆமாண்டா என்றது அந்த ரோஹித். தன்யா விரல்களைச் சொடக்கெடுத்துக்கொண்டாள். "அது நீதானேடி? சொல்றதுதானே," என்றாள் பிரமிளா. "மைக் ஆஃப்ல இருக்கும்மா." "ஆன் பண்ணு." "பொண்ணு குரல் கேட்டா சேத்துக்கமாட்டாங்க. சேத்தாலும் நீ பின்னாடி நின்னு மருந்து மட்டும் குடுன்னுவாங்க. என்னை தினேஷ்னு வேற ஸ்கூல் பையன்னு நெனச்சிட்டிருக்கானுங்க, அப்படியே இருக்கட்டும்." சொல்லிவிட்டு அடுத்த ஆட்டத்துக்குப் போய்விட்டாள், வருத்தப்பட்டதாகக்கூடத் தெரியவில்லை. அதுதான் வலித்தது. குரலை விற்றுச் சாப்பிடுகிற வீடு இது. இந்த வீட்டில் ஒரு பெண் மைக்கை அணைத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், அம்மா கண்ணெதிரே. இரவுச் சாப்பாட்டில் தன்யா வேறு சொன்னாள், அந்தப் படம் இன்னும் இரண்டு வாரத்தில் வருதும்மா, எங்க கிளாஸே போகுது, அந்தப் பையன்களும் வர்றாங்க, தமிழ்லதான் பாக்கப்போறோம், குரங்கு காமெடி செமையா இருக்குமாம். பிரமிளா ரசத்தை விட்டுக்கொண்டு, ம் என்றாள்.

"ஐம்பத்தொண்ணு," என்றான் ரியாஸ். "வெரா. குளோசப், வசனம்." இதுதான். ஏழாவது வாசல். இரும்புச் சங்கிலியைப் பிடித்து வெரா தொங்குகிறாள், தொங்கினால்தான் கதவு ஏறும், விட்டால் கூர்முனைகளோடு கீழே இறங்கும். மேக்ஸ் தரையில் உட்கார்ந்திருக்கிறான், மனம் தளர்ந்துவிட்டதாம். தொங்குகிறவள் தரையில் உட்கார்ந்திருக்கிறவனைத் தேற்றவேண்டும். திரை முழுக்க அவள் முகம், ஒரு உதட்டசைவு தப்ப முடியாது. தாளில் இருந்தது: உன்னால மட்டும்தான் முடியும், மேக்ஸ். எத்தனை படத்தில் இதைச் சொல்லியிருக்கிறாள் என்று பிரமிளா யோசித்துப் பார்த்தாள், நினைவு வந்தவை மட்டும் இருபதுக்கு மேல். ஜானிடம் சொன்னாள், டேவிட்டிடம் சொன்னாள், ஒரு தடவை ஒரு நாயிடம் சொன்னாள், அந்த நாய்க்காவது நிஜமாகவே முடிந்தது. உதடு ஒட்டுகிற இடங்களைப் பார்த்தால், பேசாம வந்து சங்கிலியப் பிடி மேக்ஸ், என்பதுகூடக் கிட்டத்தட்ட உட்காரும் போலிருக்கிறது. கிட்டத்தட்டத்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சம்பந்தம் சார் பேனாவால் மேஜையைத் தட்டினார். பாகுக் குரலை எடுத்து, கொஞ்சம் கண்ணீர் சேர்த்து, அவள் சொன்னாள். உன்னால மட்டும்தான் முடியும், மேக்ஸ். ஒரே டேக். "அருமைம்மா, வாய் உட்காந்துடுச்சு," என்றார். பிரமிளாவுக்குத் தன் வாயைக் கழுவவேண்டும்போல இருந்தது.

"ஐம்பத்திரண்டு, கடைசி. வாசல் தொறந்துருச்சு, வெரா நடந்து போறா, பேக் ஷாட், பதினோரு செகண்டு. மூச்சு." பதினொரு வினாடி. திரையில் ஓடவிட்டுக் காட்டினான் ரியாஸ். மேக்ஸ் பெரிதாக ஒரு பேச்சுப் பேசி முடித்திருக்கிறான், வெரா இத்தனை நேரம் தொங்கிக் கதவை ஏற்றியிருக்கிறாள், உள்ளங்கையில் ரத்தம். எங்கிருந்தோ பிரமிளாவின் குரலே, முதல் நாள் பதிவுசெய்தது, கணீரென்று அறிவிக்கிறது: ஏழாம் வாசல் திறந்தது. வென்றவர், மேக்ஸ். குரங்கு குதிக்கிறது. வெரா திரும்பி நடக்கிறாள், காமிரா வழக்கம்போலப் பின்னால் போகிறது, பதினொரு வினாடி ஒரு சத்தமும் கிடையாது. இதுதான் இடம். இதைவிட்டால் படத்தில் இடம் இல்லை. சொன்னால் என்ன ஆகும்? சம்பந்தம் சார் வெட்டிவிடுவார், ரியாஸ் சிரிப்பான், அவ்வளவுதானே. அவ்வளவுதானா? போன வருஷம் பேய்ப் படத்தில் தாளில் இல்லாத ஒரு வார்த்தையைப் போட்டாள் என்று நீலாங்கரையிலிருந்து பேச வந்துகொண்டிருந்த ஒரு பெண்ணை அப்புறம் யாருமே கூப்பிடவில்லை. குரங்குக்குப் போடலாம், பேய்க்குப் போடக் கூடாது, அது என்ன கணக்கோ. பேசாமல் மூச்சு விட்டுவிட்டுப் போய்விடலாம், மூச்சுக்கு யாரும் கோபித்துக்கொள்வதில்லை. ஆனால் இரண்டு வாரம் கழித்துத் தன்யா தியேட்டரில் உட்கார்ந்திருப்பாள், பக்கத்தில் அந்த ரோஹித், பாப்கார்ன் தின்றுகொண்டு. வென்றவர் மேக்ஸ் என்று அம்மாவே அறிவிப்பாள், அம்மாவே மூச்சு விட்டுக்கொண்டு நடந்துபோவாள். தன்யாவுக்கு அதில் ஒன்றும் வித்தியாசமாகத் தெரியாது. அவளுக்கு ஒன்றும் வித்தியாசமாகத் தெரியாது என்பதுதான் பிரமிளாவால் தாங்க முடியவில்லை. பதிவு தொடங்குவதற்கான மூன்று பீப் கேட்டது. வென்றவர், மேக்ஸ், என்றது அவள் குரல் காதுக்குள். வெரா திரும்பினாள். இரண்டு வினாடி போயிற்று, மூன்று போயிற்று, நாலாவதில் பிரமிளா வாயைத் திறந்து, "தொறந்தது நான்," என்றாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு தலைகளும் நிமிர்ந்தன. வெரா மட்டும் மிச்ச வினாடிகளை நடந்து முடித்தாள். சம்பந்தம் சார் உள்ளே பேசுவதற்கான பொத்தானை அழுத்தினார். திட்டப்போகிறார் என்று பிரமிளா ஹெட்போனைக் காதிலிருந்து கொஞ்சம் விலக்கிப் பிடித்துக்கொண்டாள். "யாரும்மா பேசினது?" என்றார். "நான்தான் சார்." "நீ நிக்கிறது தெரியுது. எந்தக் குரல் அது? இது வெரா இல்லையே." அப்போதுதான் பிரமிளாவுக்கே புரிந்தது. கட்டையாக, அடித்தொண்டையிலிருந்து, சிலிண்டர்காரனிடம் பேசுகிற குரல், மோட்டாரை நிறுத்தச் சொல்கிற குரல், வீட்டை விட்டு வெளியே வந்துவிட்டது. இருபத்திரண்டு வருஷத்தில் ஒருநாளும் நடக்காத தப்பு. புதிதாக வந்தவள்கூடப் பாத்திரத்தின் குரலை விட்டு இறங்கமாட்டாள். காது மடல் சூடாயிற்று. "வசனம் இருக்கட்டும், பரவால்ல, நடந்து போறா, ஏதோ சொல்றா, இருக்கட்டும். வெரா குரல்ல குடு," என்றார் அவர். வசனம் இருக்கட்டுமாம். இவ்வளவு சுலபமா என்று நினைத்துக்கொண்டே பிரமிளா பாகுப் பதத்துக்கு ஏறி, தொறந்தது நான், என்றாள். சொல்லும்போதே தெரிந்துவிட்டது. ரியாஸ் போட்டுக் காட்டினான், மூன்று பேரும் கேட்டார்கள். சண்டையெல்லாம் முடிந்து, புருஷன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, எனக்கு என்ன வாங்கித் தருவீங்க, என்று ஒருத்தி கேட்கிற மாதிரி இருந்தது. இன்னொரு தடவை, கோபமாக. இப்போது சிணுங்கல். இன்னொரு தடவை, மெதுவாக. இப்போது தாலாட்டு. அந்தக் குரலில் எதைப் போட்டாலும் இனிப்பாகத்தான் வெளியே வருகிறது, மிளகாயைப் போட்டாலும். "வேணாம்மா, மூச்சே குடுத்துடு," என்றார் சம்பந்தம் களைத்துப்போய். "நாளைக்குக் காலைல மிக்ஸிங்."

மூச்சே குடுத்துடு. பிரமிளா மைக்கைப் பார்த்தாள். முதலில் சொன்னது சரியாக இருந்தது, அது மூன்று பேருக்கும் தெரியும், ஆனால் படம் முழுக்கப் பாகு பேசிவிட்டுக் கடைசியில் மட்டும் கட்டைக் குரல் வந்தால் வேறு யாரோ வந்து பேசின மாதிரி இருக்கும். அப்படியென்றால். அப்படியென்றால் என்ற இடத்தில் அவள் யோசனை நின்றுவிட்டது, ஏனென்றால் அடுத்து வரவேண்டியது பைத்தியக்காரத்தனம். மூன்று நாள் வேலை. அவர் கத்துவார். கத்தட்டும். அந்தக் குரலை வீட்டில் தன்யாவுக்கு நன்றாகத் தெரியும், தினமும் காலையில் அதைக் கேட்டுத்தான் எழுந்திருக்கிறாள், இருட்டில் கேட்டாலும் கண்டுபிடித்துவிடுவாள், பக்கத்திலிருக்கிற பையன்களுக்கு முன்னால் வெட்கப்பட்டுப் போவாளோ என்னவோ. வெட்கப்பட்டாலும் கேட்பாள். "சார், ஆரம்பத்துலேர்ந்து வெராவ இந்தக் குரல்லயே பேசிடறேன்," என்றாள் பிரமிளா. இறங்கின குரலிலேயே சொன்னாள், ஏறத் தோன்றவில்லை. "விளையாடுறியா? படம் ரெண்டு மணி நேரம் பத்து நிமிஷம்மா." "வெரா எவ்வளவு நேரம் பேசறா?" சம்பந்தம் சார் ரியாஸைப் பார்த்தார். ரியாஸ் திரையைப் பார்த்தான், எதையோ தட்டினான், கூட்டினான், தப்பாகக் கூட்டிவிட்டவன்போல மறுபடி கூட்டினான். "மூச்சு, கத்தல் எல்லாம் சேத்து நாலு நிமிஷம் பதினெட்டு செகண்டு சார்." "குரங்கு?" என்றாள் பிரமிளா. "அஞ்சரை நிமிஷம்க்கா," என்றான் ரியாஸ், அந்தக் குரங்கை அவனே வளர்த்தவன்போலத் தலையைக் குனிந்துகொண்டு. சம்பந்தம் சார் கடிகாரத்தைப் பார்த்தார், தாள்களைப் பார்த்தார், மறுக்க ஒரு காரணம் கிடைக்குமா என்று கூரையைக்கூடப் பார்த்தார். நாலு நிமிஷம் பதினெட்டு வினாடிக்கு எந்தக் காரணமும் கிடைக்கவில்லை. "ஒரு மணி நேரம். அதுக்கு மேல ஒரு நிமிஷம் கிடையாது," என்றார். "முதல் ரீலைப் போடுப்பா."

முதல் ரீல். வெராவின் முதல் காட்சி. கிளைகளை விலக்கிக்கொண்டு வருகிறாள், முகம் திரை முழுக்க நிறைகிறது, மேலேயிருந்து ஒரு தட்டு அகலத்துக்குச் சிலந்தி ஒன்று நூலில் இறங்கி அவள் மூக்குக்கு முன்னால் ஆடுகிறது, அவள் வாயைப் பிளக்கிறாள். தாளில் அடைப்புக்குறிக்குள் அலறல் என்று இருந்தது. முந்தாநாள் காலை இதை ஒரே டேக்கில் கொடுத்திருந்தாள், மெல்லிசாக நீட்டி, ரியாஸ் ஹெட்போனைக் கழற்றி வைக்கிற அளவுக்கு. இப்போது கட்டைக் குரலில் அலறவேண்டும். அலறத் தயாரானபோதுதான் அந்தக் குரலில் தனக்கு அலறல் என்று ஒன்று இருக்கிறதா என்பதே தெரியவில்லை. எப்போது அலறியிருக்கிறோம்? கரப்பான் வந்தால் செருப்பு. பல்லி விழுந்தால் தலைக்குக் குளியல். தன்யா பிறந்தபோது அலறியிருக்கலாம், பக்கத்துக் கட்டிலில் எல்லோரும் அலறினார்கள், இவள் உதட்டைக் கடித்துக்கொண்டு கிடந்தாள், பத்து நாளில் ஒரு படம் இருந்தது, தொண்டை கட்டிவிட்டால் வேறு யாருக்காவது போய்விடும். நர்ஸ்கூடப் பாராட்டினாள், நல்ல தைரியம்மா என்று. தைரியமும் இல்லை மண்ணும் இல்லை. ஊருக்கெல்லாம் அலறிக்கொடுத்தவள் தனக்காக ஒரு தடவை அலறவில்லை, அதை நினைத்தபோது பிரமிளாவுக்குக் கண் கலங்கியது, இந்த நேரத்தில் போய் இது என்ன என்று எரிச்சலும் வந்தது. பீப். சிலந்திக்கு அலறுவதாவது. பீப். இவள் அந்தக் காட்டிலேயே குடியிருக்கிறவள், அந்தச் சிலந்தி குஞ்சாக இருந்ததிலிருந்து பார்த்திருப்பாள். பீப். சிலந்தி இறங்கியது, வாய் பெரிதாகத் திறந்தது, மூடியது. "ஆங், நீதானா," என்றாள் பிரமிளா.

ரியாஸ் சிரித்ததில் நாற்காலி பின்னால் உருண்டு சுவரில் முட்டியது. சம்பந்தம் சார் சிரிக்கவில்லை. மறுபடி போடச் சொல்லிப் பார்த்தார், சத்தத்தை நிறுத்திவிட்டு உதட்டை மட்டும் பார்த்தார், சத்தத்தோடு இன்னொரு தடவை பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்து, தாளில் அலறலை அடித்துவிட்டு மேலே எழுதினார். "வாய் உட்காந்துடுச்சு," என்றார். அதற்கப்புறம் அடுத்த துண்டுக்குப் போகாமல், திரையில் உறைந்து நின்ற அந்த முகத்தையே, மூன்று நாளில் முதல் தடவையாக, பார்த்துக்கொண்டிருந்தார். "ஏம்மா, நான் இவள சின்னப் பொண்ணுன்னு நெனச்சு எழுதிட்டேன் போலிருக்கே," என்றார்.

"முப்பது வருஷம் சார்," என்றாள் பிரமிளா.